பம்ப் வலிக்கக் கூடாது: தாய்ப்பால் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தாய்ப்பால் பம்ப் பற்றியவை. வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள், குறைமாதக் குழந்தையை இன்குபேட்டரில் விட்டுவிட்டு வெளியே காத்திருப்பவர்கள், மருமகளுக்கு உதவ நினைக்கும் மாமியார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பம்ப் விற்கிற கடையில் சொல்லாமல் விடுவதையும் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு வாரம். நேரடியாகத்தான் பால் கொடுக்கிறேன். இப்போதிருந்தே சேர்த்து வைக்கலாமே என்று எலெக்ட்ரிக் பம்ப் வாங்கினேன். முழு வேகத்தில் வைத்து இருபது நிமிடம் எடுத்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 30 மில்லிதான் வருகிறது. காம்பு வெளுத்துப்போய் எரிகிறது. பால் போதவில்லை, பவுடர் பால் கொடு என்கிறார் அத்தை.
– வாசகி, திருப்பூர்

பவுடர் பால் இப்போதைக்கு வேண்டாம். குழந்தை பால் குடித்து முடித்த பிறகு எடுத்துப் பார்த்தால் 15 முதல் 60 மில்லி வரை வருவது வழக்கமான அளவுதான். குழந்தை குடித்தது போக மிச்சம்தானே அது! பால் போதுகிறதா என்பதைக் குழந்தையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, அது வெளிர் நிறத்தில் இருக்கிறதா, எடை நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா என்று பாருங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது எடை போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எடை சரியாக ஏறுகிறது என்றால் அத்தையிடம் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

ஆனால் காம்பு வெளுத்து எரிவதை விட்டுவிடக் கூடாது. பம்ப் வலித்தால் ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு தவறுகள் இருக்கலாம்.

ஒன்று, வேகம். இழுவிசையைக் கூட்டினால் பால் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. குழந்தை முதலில் வேக வேகமாக, மேலோட்டமாகச் சப்பும். அந்தத் தூண்டலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். இறங்கிய பிறகுதான் குழந்தை நிதானமாக, ஆழமாக இழுத்து விழுங்கும். பம்பும் இதே வரிசையில்தான் வேலை செய்ய வேண்டும். 'மசாஜ்' அல்லது 'ஸ்டிமுலேஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். முதல் இரண்டு நிமிடம் அதில், குறைந்த இழுவிசையில் ஓட விடுங்கள். சொட்டு தாரையாக மாறியதும் 'எக்ஸ்பிரஷன்' பக்கம் மாற்றுங்கள். பிறகு இழுவிசையை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். லேசாக உறுத்த ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி கீழே இறக்குங்கள். அதுதான் உங்கள் அளவு. அது ஒன்பதில் மூன்றாக இருந்தாலும் சரிதான். வலி வந்தால் உடம்பு இறுகிக்கொள்ளும், பால் இறங்குவது தடைப்படும். முழு வேகத்தில் வைத்துக் குறைவாக எடுப்பவர்கள் பலருக்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது, புனலின் அளவு. மார்பில் வைக்கிற அந்தப் புனல் போன்ற பாகத்தைப் பெட்டியில் 'ஃபிளாஞ்ச்' என்றோ 'பிரெஸ்ட் ஷீல்டு' என்றோ போட்டிருப்பார்கள். பெரும்பாலான பம்புகளோடு 24 மில்லிமீட்டர் புனல்தான் வரும். அது எல்லோருக்கும் பொருந்தாது. பால் எடுக்கும் முன், காம்பின் அடிப்பாகத்தின் குறுக்களவைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து பாருங்கள். கருவளையத்தைச் சேர்க்க வேண்டாம், காம்பு மட்டும். அந்த அளவோடு ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கூட்டிப் பாருங்கள். காம்பு 16 மில்லிமீட்டர் என்றால் 17 அல்லது 19 அளவுப் புனல் பொருந்தும். இதற்காகப் புது பம்ப் வாங்க வேண்டியதில்லை. 24 புனலுக்குள் செருகுகிற சிலிக்கான் 'இன்செர்ட்' 17, 19, 21 அளவுகளில் தனியாகவே கிடைக்கிறது.

பொருந்துகிறதா என்று பம்ப் ஓடும்போது குனிந்து பாருங்கள். காம்பு மட்டும் குழாய்க்குள் முன்னும் பின்னும் தடையில்லாமல் போய்வர வேண்டும். கருவளையம் நிறைய உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு சுவரில் உரசி, எடுத்து முடித்ததும் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் புனல் சிறிது, அல்லது இழுவிசை அதிகம். வெளுத்த காம்பின் மேல் உடனே உள்ளங்கையை வைத்து மூடிச் சூடேற்றுங்கள். எரிச்சல் தணியும்.

இன்னொன்றும் உண்டு. நன்றாக இழுத்துக்கொண்டிருந்த பம்ப் சில வாரங்களில் இழுவையை இழந்தால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் வால்வைப் பாருங்கள். வாத்தின் அலகு போல ஒரு சின்ன சிலிக்கான் துண்டு புனலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே இருக்கும். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். அலகின் பிளவு வழியே வெளிச்சம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது. தினமும் பல முறை எடுப்பவர்களுக்கு ஓரிரண்டு மாதத்தில் மாற்ற வேண்டிவரும். அதைப் பிரஷ்ஷால் குத்திக் கழுவுவதுதான் சீக்கிரம் கிழிவதற்குக் காரணம். விரலால் தேய்த்தால் போதும். வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

சேர்த்து வைக்க நல்ல நேரம் காலை. முதல் பால் கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 15 நிமிடம் எடுங்கள். எடுக்கும்போது பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தையின் சட்டையை மடியில் வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டும் எடுக்கலாம். பால் இறங்குவதற்கு இது உண்மையிலேயே உதவும்.

கேள்வி: என் மருமகள் பால் எடுத்ததும் பம்ப் சாமான்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுகிறாள். மதியம் வந்து அலசிக் கவரில் போட்டு வைக்கிறாள். சில நாள் கழுவாமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைக்கிறாள். வெந்நீர் ஊற்றிக் கழுவு என்றால் கேட்பதில்லை. யார் சொல்வது சரி?
– வாசகி, மதுரை

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஆனால் வெந்நீர் ஊற்றுவது மட்டும் போதாது. பிள்ளை பெற்ற உடம்போடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவுவது லேசான வேலையும் இல்லை. இந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஊறப் போடுவதில் உள்ள ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். 2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு குரோனோபாக்டர் என்ற கிருமியால் கடுமையான தொற்று ஏற்பட்டது. அதே கிருமி அந்தத் தாயின் பம்பிலும் எடுத்து வைத்த பாலிலும் இருந்தது. அங்கே நடந்ததும் இதுதான்: சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறப் போட்டு, தேய்க்காமல் அலசி, காயவைத்து, பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தார்கள். பாலின் மிச்சமும் ஈரமும் சேர்ந்தால் கிருமிக்கு விருந்துதான். ஊறவைத்த தண்ணீர் ஆறியதும் அதிலேயே கிருமி பெருகும்.

சரியான முறை இது. பால் எடுத்து முடித்த உடனே, பால் பட்ட பாகங்களை எல்லாம் பிரித்துக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். முதல் அலசலுக்குக் குளிர்ந்த தண்ணீரே நல்லது, வெந்நீர் பட்டால் பால் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு இதற்கென்றே வைத்த ஒரு பேசினில் சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் கலந்து, இதற்கென்றே வைத்த பிரஷ்ஷால் தேயுங்கள். சிங்க்கில் நேராக வைத்துக் கழுவ வேண்டாம். மீன் கழுவியது, மிளகாய் அரைத்தது எல்லாம் அந்த சிங்க்கில்தானே! மறுபடி ஓடும் தண்ணீரில் அலசிச் சுத்தமான துணி மேல் கவிழ்த்துக் காற்றில் உலர விடுங்கள். முந்தானையாலோ டவலாலோ துடைக்க வேண்டாம், துணியில் இருப்பது பாகத்துக்கு வந்துவிடும். முழுக்க உலர்ந்த பிறகு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அந்தப் பேசினையும் பிரஷ்ஷையும் கழுவிக் காயவைக்க மறக்கக் கூடாது.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை நாளுக்கு ஒருமுறை கொதிக்க வைக்கவும் வேண்டும். குறைமாதக் குழந்தை என்றாலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றாலோ அதற்குப் பிறகும் தொடருங்கள். கழுவிய பாகங்கள் முழுக்க மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, கொதி வந்த பிறகு 5 நிமிடம். சின்னப் பாத்திரத்தில் போட்டால் பிளாஸ்டிக் அடியில் ஒட்டி உருகும். இட்லிப் பானை அளவுக்குப் பெரிய பாத்திரமாக இருக்கட்டும். மோட்டாரையும் காற்றுக் குழாயையும் கொதிக்க வைக்கக் கூடாது. குழாய்க்குள் வெறும் நீர்த்துளி இருந்தால், எடுத்து முடித்ததும் குழாயை மட்டும் மாட்டிச் சில நிமிடம் பம்பை ஓடவிட்டால் உலர்ந்துவிடும். பாலோ கரும்புள்ளியோ தெரிந்தால் கழுவிப் பார்க்க வேண்டாம், குழாயை மாற்றிவிடுங்கள்.

கழுவாமல் ஃபிரிட்ஜில் வைப்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். குளிரில் கிருமி மெதுவாக வளரும், ஆனால் சாகாது. கழுவ முடியாத அலுப்புதான் பிரச்சினை என்றால் இன்னொரு செட் புனலும் வால்வும் வாங்குவதே வழி.

கேள்வி: ஆறு மாத விடுப்பு முடிகிறது. தனியார் கம்பெனி. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வார். எவ்வளவு பால் வைத்துவிட்டுப் போக வேண்டும்? எங்கள் வீட்டில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். கரண்டும் அடிக்கடி போகும்.
– வாசகி, சென்னை

கணக்கு எளிது. ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை ஒரு குழந்தை நாளுக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கிறது. மாதம் ஏற ஏற இந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை. நீங்கள் இல்லாத 10 மணி நேரத்துக்கு 300 மில்லியிலிருந்து 350 மில்லி போதும். ஆறு மாதம் முடிந்து கஞ்சி, மசித்த பருப்புச் சாதம் ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் குறையவும் செய்யலாம். இதை 60 முதல் 90 மில்லியாகப் பிரித்து வையுங்கள். 150 மில்லியை ஒரே பாட்டிலில் வைத்தால், குழந்தை பாதி குடித்து மீதி வீணாகும். குடித்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

ஃபிரிட்ஜ் நிறைய சேர்க்க வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கையிருப்பு போதும். அதன்பிறகு இன்று ஆபீஸில் எடுப்பது நாளைக்கு. வேலைக்குப் போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து தினம் ஒருமுறை எடுத்தால் சேர்ந்துவிடும். ஆபீஸில் பத்தரை, ஒன்றரை, நாலு என்று மூன்று முறை எடுக்கப் பாருங்கள். ஒரு முறை தவறினால் ஒன்றும் ஆகாது. தினமும் தவறினால் சுரப்பு குறையும்.

வெளியே வைப்பதற்கு உலகெங்கும் சொல்லும் கணக்கு 4 மணி நேரம். அது 25 டிகிரி அறைக்கு. சென்னையில் மே மாத அடுப்படி 35 டிகிரியில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். எடுத்ததும் குளிருக்குள் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜின் உள்பக்கம், பின்சுவரை ஒட்டி வைத்தால் 4 நாள். கதவில் வைக்கக் கூடாது, திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். உங்கள் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலே இருக்கும் ஐஸ் அறை, தனிக்கதவு ஃப்ரீசர் அளவுக்குக் குளிராது. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் நம்பி வைக்காதீர்கள். மைனஸ் 18 டிகிரியில் நிலையாக நிற்கும் தனி ஃப்ரீசரில்தான் 6 மாதம் என்ற கணக்கு பொருந்தும். டப்பாவில் தேதியும் நேரமும் எழுதுங்கள். உறையும்போது பால் விரியும், மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். புதிதாக எடுத்த சூடான பாலைக் குளிர்ந்த பாலோடு நேராகச் சேர்க்காமல், அதையும் ஃபிரிட்ஜில் குளிர வைத்த பிறகு சேருங்கள்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். பல வீடுகளில் இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜ் இணைப்பு கிடையாது, உங்கள் வீட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து ஜெல் ஐஸ் பேக்குகளை எப்போதும் உறைய வைத்திருந்தால், நீண்ட மின்வெட்டில் பாலைத் தெர்மல் பைக்கு மாற்றிவிடலாம். நிறைய ஐஸ் பேக்கோடு இறுக்கமாக அடுக்கினால் 24 மணி நேரம் வரை தாங்கும். ஆபீஸிலிருந்து கொண்டுவரவும் இதே பைதான்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியவை: உறைந்த பாலை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். முழுக்க உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவ் கூடவே கூடாது. மைக்ரோவேவில் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் சில்லென்றிருக்கும், குழந்தையின் நாக்கு வெந்துபோகும். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் பாட்டிலை நிறுத்தினால் போதும். மேலே ஆடை போல ஒதுங்குவது கொழுப்பு, கெட்டுப்போனது அல்ல. லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தருகிற அதே சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக, தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள்: கதவு தாழிடக்கூடிய அறை, பிளக் பாயின்ட், ஒரு நாற்காலி. கழிப்பறையில் உட்கார்ந்து பால் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது குழந்தையின் சாப்பாடு.

கேள்வி: இரண்டு நாளாக இடது மார்பில் கல் போலக் கட்டி. சிவந்திருக்கிறது, 101 டிகிரி காய்ச்சல். சூடான துண்டு வைத்து அழுத்தித் தேய்த்து, பம்ப் போட்டு முழுக்க எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். அந்தப் பக்கம் பால் கொடுக்காதே என்கிறார் அம்மா. மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி.
– வாசகி, நாகர்கோவில்

இரண்டு நாள் காய்ச்சல் என்பதால், இதைப் படித்ததும் முதலில் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதைத் தாய்ப்பால் கொடுக்கும்போதே சாப்பிடலாம், ஆரம்பித்தால் எழுதிக்கொடுத்த நாள் முழுதும் சாப்பிட வேண்டும்.

அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். இத்தனை காலம் மருத்துவமனைகளிலும் அப்படித்தான் சொல்லி வந்தோம் என்பது உண்மை. பால் ஒரு குழாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறது, பிதுக்கி எடுக்க வேண்டும் என்று நினைத்தோம். இப்போது புரிதல் மாறிவிட்டது. தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. பெரும்பாலும் நடப்பது, பால் குழாய்களைச் சுற்றியுள்ள திசு வீங்கிக் குழாயை வெளியிலிருந்து நெருக்குவது. வீங்கிய இடத்தைச் சூடு வைத்துத் தேய்த்தால் வீக்கம் கூடும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கும். 'முழுக்க எடுத்துவிடுகிறேன்' என்று மணிக்கொரு முறை பம்ப் போட்டால், இன்னும் பால் வேண்டும்போலும் என்று உடம்பு இன்னும் சுரக்கும். கட்டி போகாமல் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான்.

குழந்தைக்கு அந்தப் பக்கமும் வழக்கம்போலக் கொடுங்கள். பால் கெட்டுப்போவதில்லை, குழந்தைக்குத் தொற்றாது. நிறுத்தினால்தான் பால் தேங்கி, சீழ்க்கட்டி ஆகும் அபாயம். பம்ப் போட வேண்டி வந்தால் வழக்கமாக எடுக்கும் அளவே எடுங்கள். பால் கொடுத்த பிறகு, மெல்லிய துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட வைக்கலாம். வீக்கம் தணிய ஐபுப்ரோஃபென், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் இரண்டும் தாய்ப்பால் கொடுப்பவர்கள் சாப்பிடக்கூடியவை. அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருந்தால் ஐபுப்ரோஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கையை வைப்பதென்றால், பூனைக்குட்டியைத் தடவுகிற அளவு அழுத்தத்தில், கட்டியிலிருந்து அக்குள் பக்கமாகத் தோலை மட்டும் வருடிவிடுங்கள். தேங்கிய நிணநீர் அந்தத் திசையில்தான் வடியும். இறுக்கிப் பிடிக்காமல் தாங்குகிற பிரா போடுங்கள்.

மல்லிகைப்பூ விஷயத்தில் பாட்டி சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அதனாலேயே நீங்கள் கட்டக் கூடாது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, 1988இல் வெளியிட்ட ஆய்விலும் அது தெரியவந்தது. குழந்தையை இழந்த தாய்க்குச் செய்யும் வைத்தியம் அது. தொடர்ந்து பால் கொடுக்க விரும்புகிறவருக்கு ஆகாது.

மருந்து ஆரம்பித்து 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லை என்றாலோ, கட்டி மெதுமெதுவென்று நீர் கோத்ததுபோல் ஆனாலோ, ஸ்கேன் எடுத்துச் சீழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீழ் இருந்தாலும் பல நேரம் ஊசியாலேயே எடுத்துவிட முடியும்.

கேள்வி: மனைவிக்கு 31 வாரத்தில் சிசேரியன். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. முதல் நாள் பம்ப் போட்டதில் ஒரு சொட்டும் வரவில்லை. பால் இல்லை என்று அழுகிறாள்.
– வாசகர், தருமபுரி

முதல் நாளில் பலருக்கும் பம்பில் வராது. சீம்பால் தேன் போலக் கெட்டி, அளவோ சில மில்லிதான். வந்த இரண்டு சொட்டும் புனலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாள் கையால் எடுப்பதே சரி. இதை நீங்களே பக்கத்தில் இருந்து உதவலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, 'C' வடிவில், காம்பிலிருந்து 3 முதல் 4 சென்டிமீட்டர் பின்னால் வைக்க வேண்டும். முதலில் விலா எலும்பை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்று சேர்த்து அமுக்கி, தளர்த்த வேண்டும். அழுத்து, அமுக்கு, விடு. விரல் தோலில் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ஓரிரண்டு நிமிடம் எதுவும் வராது, தொடர வேண்டும். சொட்டு நின்றதும் விரலைக் கடிகார முள் போல நகர்த்தி அடுத்த இடம். பக்கத்துக்கு ஐந்து நிமிடமாக மாற்றி மாற்றி 20 நிமிடம். வரும் சொட்டை 1 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து நர்ஸிடம் கொடுங்கள். அரை மில்லி வந்தாலும் கொடுங்கள். குழாய் வழியே பால் ஆரம்பிக்காத குழந்தைக்குக்கூட அதைக் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள்.

24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை எடுக்க வேண்டும், இரவில் ஒருமுறையாவது. மூன்றாம் நாளுக்குப் பிறகு மார்பு கனக்கும். சிசேரியனில் ஒரு நாள் தள்ளிப் போகலாம். அப்போது பம்புக்கு மாறுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற மருத்துவமனை பம்ப் கிடைத்தால் நல்லது. தரமான பம்போடு கையாலும் மார்பை மெல்ல அமுக்கிவிட்டால் இன்னும் வரும். இரண்டு வாரத்தில் நாளுக்கு 500 மில்லியைத் தாண்டுவதை இலக்காக வையுங்கள். முதல் இரண்டு வாரம்தான் பின்னால் வரும் சுரப்புக்கு அஸ்திவாரம். மருத்துவர் அனுமதித்ததும் குழந்தையை உங்கள் மனைவி வெறும் மார்போடு அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைக் கேட்டு வாங்குங்கள். அணைத்துக்கொண்டு எழுந்த உடனே பால் எடுத்தால் அளவு கூடுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

31 வாரக் குழந்தைக்குச் சப்பி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒன்றாகச் செய்ய வராது. 34 வாரம் வாக்கில் அது கைவரும். அதுவரை குழாய், நடுவில் பாலாடை. நம் வீடுகளில் சங்கு என்றும் சொல்வோமே, அதுதான். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். குழந்தை தானே நக்கி இழுக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். பாட்டிலைவிட இதைக் கழுவுவதும் சுலபம்.

இடையில் பால் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கிப் பாலைக் கேளுங்கள். கொடையாளருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் தருவார்கள். 1989இல் மும்பை சயன் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு இது, இன்று தமிழக அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. விலைக்கு விற்கிற தாய்ப்பாலை வாங்க வேண்டாம். அந்த விற்பனைக்கு அனுமதி இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் சொல்லிவிட்டது.

கேள்வி: அக்கா பயன்படுத்திய பம்பை வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

தனிநபர் பம்ப் என்றால் வேண்டாம். திறந்த அமைப்பு கொண்ட பம்புகளில் பால் ஆவி மோட்டார் வரை போய்ப் பூஞ்சை பிடிக்கும், பிரித்துக் கழுவ வழியில்லை. மூடிய அமைப்பு என்று போட்டிருந்தாலும் மோட்டார் தேய்ந்து இழுவை குறைந்திருக்கலாம். மருத்துவமனைகளில் வாடகைக்குத் தரும் பம்பு பலர் பயன்படுத்தவே செய்யப்பட்டது. புனல், வால்வ், குழாய் மட்டும் உங்களுக்கென்று புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, வெந்தயம் எல்லாம் சாப்பிட்டும் பால் கூடவில்லை. மருந்துக்கடையில் ஒரு மாத்திரை சொல்கிறார்கள்.
– வாசகி, புதுக்கோட்டை

சுறாப் புட்டும் பூண்டும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு குறையும், வெளியேறினால் கூடும். எவ்வளவு அடிக்கடி பால் வெளியேறுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. நாள்தோறும் ஒருமுறை, ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்: 20 நிமிடம் எடுத்து 10 நிமிடம் ஓய்வு, 10 நிமிடம் எடுத்து 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 10 நிமிடம். குழந்தை அடுத்தடுத்துக் குடித்துச் சுரப்பைக் கூட்டுவதைப் போன்றது இது. கடைக்காரர் சொல்வது டோம்பெரிடோன் என்றால் மருத்துவச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், சிலருக்கு அது இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கும். சளிக்கு வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா, கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே பாலைக் குறைக்கும்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்த பாலை உருக்கினால் சோப்பு வாசனை வருகிறது. குழந்தை துப்புகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பால் கெடவில்லை. தாய்ப்பாலில் இயல்பாகவே இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பைப் பிரிப்பதால் வரும் வாசனை அது. சிலரது பாலில் வேகமாக நடக்கும். கெட்ட பாலுக்குப் புளித்த நாற்றம் இருக்கும், வித்தியாசம் மூக்குக்குத் தெரியும். வாசனை வந்த பாலைக் குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். புதிதாக எடுத்த பாலில் கலந்து கொடுத்தும் பார்க்கலாம். வாசனை வந்த பிறகு காய்ச்சினால் பயன் இல்லை. இனிமேல் வைக்கும் பாலை, எடுத்த உடனே ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும்வரை மட்டும் சூடாக்குங்கள். பொங்கவோ கொதிக்கவோ விடாதீர்கள். உடனே இறக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து உறைய வையுங்கள். சூட்டில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் குறையும் என்பதால், உறைய வைக்கப் போகிற பாலுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.